ஒரு வேளை

மாத்திரைக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி.
போன வருஷத்தது.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
கால்சியம் விளம்பரம், சிரிக்கும் ஒரு முழங்கால்.
கிழமைகள் ஒத்துவராது.
அச்சிட்ட திங்களை அடித்துவிட்டு
மேலே மார்த்தெஸ் என்று எழுதுகிறேன்,
செவ்வாய்.

கோரிப்பாளையம். இரவு பதினொன்றே கால்.
பெரியாஸ்பத்திரி வாசலிலிருந்து
சீட்டோடு ஓடி வருகிறவர்கள் குறையும் நேரம்.
சாப்பாட்டுக்குப் பின், மூன்று வரி.
டிபன்பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்த ஈரக்கையோடு.

முதல் மாதம் இப்படிப் போனது:
நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன்.
கடை பெரியது. கடை சிறியது.
எனக்கு ஒரு யானை இருக்கிறது.
யானை சிவப்பு.
தெரிந்த சொற்களை வைத்துத்தானே
பொய்யும் சொல்ல முடியும்.

"எதுக்குக்கா ஸ்பானிஷ்?"
டீ கொண்டுவரும் ஜெய்லானியிடம், வெளிநாட்டு வேலைக்கு என்றேன்.
முதலாளி சங்கிலிமுத்து அண்ணாச்சியிடம், மூளைக்கு நல்லது என்று.
வீட்டுக்காரரிடம், காசு கேட்கவில்லை, அதனால்.
எனக்கு நானே சொல்லும் பதில்
வாரத்துக்கொன்றாய் மாறுகிறது.
இந்த வாரம் பதில் இல்லை.

அந்த மொழியில் வெயில் அடிப்பதில்லை,
வெப்பத்தைச் செய்கிறதாம்.
ஆத்தே கலோர்
என்றாள் போனுக்குள் இருக்கும் மாத்ரித் பெண்.
மேலூர் பஸ்ஸில் இடிபட்டு இறங்குகிறவள் சொல்லும்
அதே ஆத்தே!
கடை அதிரச் சிரித்துவிட்டேன்.
ஊசி வாங்க நின்றவர் முறைத்தார்.
சீட்டு வைத்திருப்பவர் முன்னால் சிரிக்கக் கூடாது,
அது இங்கே எழுதாத சட்டம்.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குளுக்கோஸ், கால்வலித் தைலம்,
தொலைந்த பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லும் மைக்,
ஒரே நேரத்தில் கவுண்டருக்குள் நீளும் எழுபது கை.
டைரியில் ஆறு பக்கம் வெறும் பக்கம்.
முழங்கால் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள்
எல்லாவற்றையும் சேர்த்து இருபத்தொரு வரி
எழுதிவிடுவது என்று மூடியைக் கழற்றினேன்.
ஒத்தக்கடையிலிருந்து பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்
அப்போதுதான் வந்து நின்றார்.
"ரெண்டு நா விட்டுப்போச்சும்மா.
சேத்து மூணாப் போட்டுக்கவா?"
வேண்டவே வேண்டாம்.
விட்டது விட்டதுதான்.
இன்னைக்கு உள்ளதை இன்னைக்குப் போடுங்க.

பதினாறு வருஷமாய்ச் சொல்கிறேன்.
என் வாயிலிருந்து என் காதுக்கு
அது வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் போனதும் எழுதினேன்:
செ மே ஒல்விதோ.
எனக்கு மறந்துபோச்சு.
அங்கேயும் இதே பேச்சுத்தான்.
மறந்தவள் நான் இல்லை,
மறதி தானாக வந்து என் மேல் உட்கார்ந்து போயிருக்கிறது.
இங்கிலீஷில்தான்
குற்றவாளி முதல் ஆளாய் எழுந்து நிற்கணும்: ஐ.

ஒரு வரி. அன்றைக்கு அது போதும்.

மாத்திரைக் கவரில் ஒரு வேளை என்று எழுதும்போது
அவசரத்தில் இடைவெளி விழாவிட்டால்
ஒருவேளை ஆகிவிடுகிறது.
மருந்துக்கே சந்தேகம் வந்த மாதிரி.
ஒருவேளைக்கு அங்கே கித்தாஸ்.
அதையும் ஒரு கவரின் பின்னால் குறித்தேன்,
யாருக்கோ இருமல் மருந்தோடு அது போய்விட்டது.

இப்போது ஆவணி.
யானையைப் பற்றி எழுதி நாளாகிறது.
நேற்று எழுதியது:
ஒரு பெண் இன்சுலின் வாங்க வந்தாள்.
நூறு ரூபாய் குறைந்தது.
ஐஸ் கரைவதற்குள் வீட்டுக்குப் போகணும் என்றாள்.
மூன்றாவது வரியில் வினைச்சொல் தப்பாக இருக்கலாம்.
திருத்த ஆள் இல்லை.
அவள் போய்ச் சேர்ந்தாளா, அதுவும் தெரியாது.

இன்றைக்கு மூன்று வரி முடிந்தும்
பேனா நிற்கவில்லை.
நாலாவதாக ஒய் என்று தொடங்கினேன்.
இன்று என்று அர்த்தம்,
யாரோ நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.
கூப்பிட்டார்கள்.
ரோட்டைக் குறுக்கே கடந்து, கையில் சீட்டோடு, செருப்பில்லாமல்.
ஒய்க்குப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு
எழுந்தேன்.